அம்மாவும் நானும் கொஞ்சம் சோஷலிசமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அம்மாவின் போன் வரும். முதல் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் நாலு பேரிடம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாயா போட்டுக் குடித்த பிறகு. நான் ராஞ்சியில். அவள் மார்த்தாண்டம் பக்கம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மக்களே, பூசைக்குப் போனியா?" நான் போயிருக்க மாட்டேன். அவளுக்கும் தெரியும். அப்புறம் பத்து நிமிஷம் ஊர்க்கதை. அப்புறம் எப்படியோ அரசியல்.

எங்கள் வீட்டில் இது இன்று நேற்று வந்ததல்ல. நான் பி.காம் படிக்கும்போதே ஆரம்பித்தது. பாங்கில் சேர்ந்து யூனியன் பக்கம் போனதும் முற்றியது. அம்மா எய்டெட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். தினம் செபமாலை, வாரம் ஒரு நாள் அன்பியக் கூட்டம், நோன்புக் காலம் நாற்பது நாளும் மீன் கிடையாது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், மீன் இல்லாமல் நாற்பது நாள் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை :-)

இருபது வருஷமாக அவளோடு சோஷலிசம் பேசித் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எங்கே தோற்றேன், எங்கே தோற்க மாட்டேன் என்று கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இது.

முதலில் நான் செய்த தப்பு. இடதுசாரிப் பக்கம் சாய்ந்த எல்லாக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். பைபிளை எடுத்து அம்மா மேலேயே வீசுவது. அப்போஸ்தலர் பணி நூலில் ஆதித் திருச்சபைக்காரர்கள் சொத்தை விற்றுப் பொதுவில் வைத்து, தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டார்கள் என்று இருக்கிறதே, அதுதானே கம்யூனிசம் என்று கேட்டேன். பெரிய வெடி போட்டதாக நினைப்பு.

"பின்ன அடுத்த அதிகாரத்தையும் வாசி" என்றாள். அடுத்த அதிகாரத்தில் அனனியா, சப்பிரா கதை. நிலத்தை விற்ற பணத்தில் கொஞ்சத்தை ஒளித்துவைத்துப் பொய் சொன்ன தம்பதி. பேதுரு அவர்களிடம், நிலம் உங்களுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உங்கள் கையில்தானே இருந்தது என்கிற அர்த்தத்தில் கேட்கிறார். "கேட்டியா, ஒருத்தரும் பிடுங்கல. குடுத்தாங்க. உங்க ஆளுங்க பிடுங்குவாங்க. அதாக்கும் வித்தியாசம்."

சரி என்று திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமைக்குப் போனேன். காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி. தேவைக்கேற்ற ஊதியம். அம்மா சிரித்தாள். "அந்த முதலாளி என்ன சொல்லுறான்? என் காசு, என் இஷ்டம்னு சொல்லுறான். இதுவா உன் சோஷலிசம்?" முப்பது வருஷம் மறைக்கல்வி எடுத்தவளிடம் பைபிளோடு மோதக்கூடாது என்கிற புத்தி எனக்கு வர ரொம்ப நாள் ஆனது.

ஒரே ஒரு முறை அவள் தடுமாறினாள். லேவியராகமத்து யூபிலி ஆண்டு. ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அது தர்மம் இல்லை, சட்டம். கொடுக்க மனசிருக்கிறவன் கொடுக்கட்டும் என்று அங்கே விடவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது பழைய ஏற்பாடு" என்றாள். அன்றைக்குப் போன் சீக்கிரம் கட்டாகிவிட்டது.

நிற்க. அம்மாவின் கம்யூனிஸ்ட் வெறுப்பு அறியாமையால் வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சாமியார் பிரசங்கத்தில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று. அது பாதி உண்மை. 1959-இல் அவளுக்கு ஒன்பது வயசு. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஈ.எம்.எஸ். ஆட்சிக்கு எதிராக விமோசன சமரம். ஜூன் மாதம் அங்கமாலியில் போலீஸ் சுட்டதில் ஏழு பேர் செத்தார்கள். ஜூலை 31-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. 1956 வரை இந்தப் பக்கமும் திருவிதாங்கூர்தானே, சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும். வீட்டில் அதே பேச்சு. "தொழிலாளி ஆட்சின்னு சொல்லிட்டுச் சுட்டது யாரை?" என்று இன்றைக்கும் கேட்பாள். என்னிடம் நல்ல பதில் கிடையாது.

அடுத்தது போலந்து. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த போப் இரண்டாம் ஜான் பாலின் படம் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. அவர் நாட்டில் கப்பல் கட்டும் தொழிலாளிகள்தான் அரசாங்கத்தை எதிர்த்துச் சங்கம் வைத்தார்கள். அவர்களுக்காகப் பேசிய பொப்பியெவுஸ்கோ என்ற சாமியாரை 1984-இல் ரகசியப் போலீஸ் கொன்றது. தொழிலாளிக்கான அரசு என்று பெயர் வைத்துக்கொண்டு தொழிலாளியின் சங்கத்தை ஏன் தடை செய்தார்கள்? யூனியன்காரனான நான் இதற்கு என்ன சொல்ல? அது சோஷலிசமே இல்லை அம்மா என்று நழுவலாம். "தப்புப் பண்ணுன சாமியாரைக் காட்டுனா அது சபை இல்லன்னு நான் சொன்னா விடுவியா?" என்று கேட்டுவிட்டாள். விட மாட்டேன்.

ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கேரளச் சபை அவ்வளவு கோபப்பட்டதற்கு ஒரு பெரிய காரணம் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா. அதில் என்ன இருந்தது? தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசாங்கமே நேராகச் சம்பளம் கொடுக்கும். நியமனத்திலும் அரசுக்குப் பங்கு இருக்கும். முண்டசேரியும் கத்தோலிக்கர்தான். "அம்மா, மாசம் பொறந்தா உங்க சம்பளம் எங்கேயிருந்து வந்துச்சு? இப்போ பென்ஷன் எங்கேயிருந்து வருது?" என்று ஒரு நாள் கேட்டேன். கருவூலத்திலிருந்துதான். மேனேஜர் பார்த்துக் கொடுத்தால்தான் சம்பளம் என்றிருந்த காலத்துக் கதைகளைச் சொன்னவளே அவள்தான். கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வருவது வேறு தொகை. அவளுடைய பெரியம்மா அப்படி வாங்கியவள். மேனேஜர் தினம் பூசைக்குப் போகிறவர்.

இதுதான் என் கட்சி. நல்ல மனுஷன் கொடுப்பான் என்று நம்பி ஒரு டீச்சர் குடும்பம் நடத்த முடியாது. கொடுக்கிறவன் கெட்டவனாகவே இருந்தாலும் சம்பளம் வந்தாக வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும். ரேஷன் கடை, முதியோர் பென்ஷன், 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது, எல்லாம் இந்த ரகம்தான். நாட்டுடைமை ஆகாதிருந்தால் எங்கள் மாதிரி ஊர்களுக்கு இத்தனை கிளைகள் வந்திருக்குமா? எனக்கும் இந்த வேலை கிடைத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சுயநலம் என்று சொல்லக்கூடாது.

அம்மா அதற்கு, "சட்டம் போட்டா மனசு வந்துருமா?" என்பாள். மனசு வர வேண்டாம் அம்மா, சம்பளம் வந்தால் போதும் என்பேன். இப்படியே பல வருஷம்.

எங்கள் பேச்சின் போக்கை மாற்றியது ராஞ்சி. 2020 அக்டோபர் 8-ஆம் தேதி, ராஞ்சியை ஒட்டிய நாம்கும் பகுதியிலிருந்து ஸ்டான் சுவாமியைக் கைது செய்தார்கள். எண்பத்து மூன்று வயது இயேசு சபைத் துறவி, திருச்சி மாவட்டத்துக்காரர். விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக அலைந்தவர். மாவோயிஸ்ட் தொடர்பு என்று வழக்கு. அவர் மறுத்தார். அன்று ராத்திரியே அம்மா போன் செய்தாள், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. "அவரு கம்யூனிஸ்டா மக்களே?" என்று கேட்டாள். இல்லை அம்மா, சாமியார் என்றேன். "பின்ன ஏன் பிடிச்சாங்க?"

இந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் இத்தனை வருஷம் முயற்சி செய்தேன். வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நடுக்குவாத நோய்க்காரர், உறிஞ்சு குழல் வைத்த டம்ளருக்கு மனுப் போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ஆம் தேதி மும்பை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த ஒன்பது மாதமும் அம்மா தினம் அவருக்கென்று ஒரு செபமாலை சொன்னாள்.

அடுத்த வருஷம் அம்மா ராஞ்சிக்கு வந்து ஒரு மாதம் இருந்தாள். அப்போது அவளுக்கு ஹாஃப்மன் கதையைச் சொன்னேன். ஜெர்மன்காரர், இவரும் இயேசு சபை. 1908-இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தபோது முண்டா மக்களின் நில வழக்கங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவர உதவியவர். ஆதிவாசி நிலம் கண்டவன் கைக்குப் போகாமல் தடுக்கிற சட்டம் அது. மறு வருஷமே ஆதிவாசிகளுக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பித்தார், வட்டிக்காரனிடமிருந்து மீட்க. அந்தச் சட்டத்தினால் இன்றைக்கும் அந்த நிலத்தை லேசில் அடமானம் பிடிக்க முடியாது. ஒரு பாங்க் ஆபீசராக எனக்கு அது தலைவலி. ஒரு மனுஷனாக, அந்தத் தலைவலி இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா கவனமாகக் கேட்டாள். "கஞ்சி ஊத்துனாரா?" என்றாள். "ஊத்தியிருக்கலாம். ஆனா அவரு பேரு நிக்கிறது சட்டத்துனாலயும் சங்கத்துனாலயும்தான்" என்றேன். வாதம் பண்ணவில்லை. "அப்போ சாமியாரும் சட்டம் எழுதலாம்" என்றாள். இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாயின்ட்.

இதோடு முடித்தால் நான் ஜெயித்த மாதிரி இருக்கும். அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும்.

எங்கள் விளையில் ஒரு குடும்பம் 1984-இலிருந்து குடிசை போட்டு இருக்கிறது. அண்ணன் எங்கள் ரப்பருக்குப் பால் வெட்ட வந்தவர், இப்போது இல்லை. அக்கா அண்டி ஆபீசில் முந்திரி உடைத்து விரல் கறுத்துப்போனவள். அம்மா ஊருக்குத் திரும்பியதும் அடுத்த ஞாயிறு போனில் சொன்னாள். "அவளுக்கு அஞ்சு சென்ட் எழுதிக் குடுக்கப் போறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாயிலிருந்து வந்தது, "இப்போ என்னம்மா அவசரம்?" ரோட்டோரம் சென்ட் என்ன விலை என்றேன். பின்பக்கமாகக் கொடுக்கலாமே என்றேன். தங்கச்சியைக் கேட்க வேண்டாமா என்றேன். எல்லாம் பாங்கில் கடன் கேட்டு வருகிறவரிடம் நான் பேசுகிற அதே குரல். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "மேடையில பேசுறது நீதானே மக்களே?" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி யோசித்தேன். எங்கள் வீட்டிலிருந்து களியக்காவிளை கொஞ்ச தூரம். அதைத் தாண்டினால் பாறசாலை, கேரளா. அங்கே 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், குடிகிடப்புக்காரர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை சலுகை விலையில் வாங்கிக்கொள்ள உரிமை கிடைத்தது. மனசு வந்தவன், வராதவன், எல்லா நிலக்காரனிடமிருந்தும். 1971-இல் இங்கேயும் விவசாயத் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு சட்டம் வந்தது, ஆனால் அந்தச் சமயத்தில் குடியிருந்தவர்களுக்குத்தான். பிறகு வந்த அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு இருப்பது எங்கள் அம்மாவின் மனசு மட்டும். அம்மாவுக்குப் பிறகு என் மனசு. அந்த மனசு எப்படிப்பட்டது என்று அன்று காலைதான் பார்த்தேன்.

ஆக, என் வாதத்துக்கு நானே சாட்சி ஆனேன். நல்லவன் கொடுப்பான் என்று நம்ப முடியாது, சட்டம் வேண்டும். ஆனால் அம்மாவின் வாதத்துக்கும் நானே சாட்சி. சட்டம் வேண்டும் என்று இருபது வருஷம் பேசியவனுக்கு மனசு வரவில்லையே.

போன வருஷம் லீவு போட்டுப் போய்ப் பத்திரம் பதிந்தோம். சொந்தத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு. குடும்பத்துக்கு வெளியே தானம் என்றால் விற்பனைக்கு உள்ள அதே 7 சதவீதம். அதை நான் கட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எனக்கு நன்றி சொல்லாத. நாப்பது வருஷம் இருந்த இடம் உனக்குள்ளது" என்றாள்.

உனக்குள்ளது. எந்தக் கட்சி வகுப்பிலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போது "இது சோஷலிசம்தானே அம்மா" என்று கேட்டதற்கு, "போலே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா அப்பாவோடு அரசியல் பேசுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்று உண்டு. அவர்கள் விசுவாசத்தை உடைத்தால்தான் நம் அரசியல் உள்ளே போகும் என்று நினைக்காதீர்கள். உடையாது, உடைய வேண்டியதும் இல்லை. அவர்கள் சொல்கிற அங்கமாலிக்கும் போலந்துக்கும் பதில் இல்லையென்றால் இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் சம்பளமும் பென்ஷனும் குடியிருக்கிற இடமும் யாருடைய இரக்கத்தையும் நம்பி இருக்கக்கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பி.கு: 2004-இல் நாகர்கோவில் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின் எம்.பி. ஆனார். அம்மாவின் ஓட்டு அவருக்குத்தான். ஏன் என்று கேட்டேன். "பெல்லார்மின் ஒரு புனிதர் பேரு மக்களே" என்றாள்.