நோயை மறைத்து எடுத்த பாலிசி குடும்பத்தைக் காக்காது

சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உறுதியான பின், நோயாளிகள் சிலர் எங்களிடம் தயங்கித் தயங்கி ஒரு வேண்டுகோளை வைப்பதுண்டு: “சீட்டில் சர்க்கரை என்று எழுதாமல் விட்டுவிடுங்கள் டாக்டர், இன்ஷூரன்ஸ் போட வேண்டியிருக்கிறது.” அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து வருவோரும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய மலையூர்களிலிருந்து இறங்கி வருவோரும் இவ்வாறு கேட்கின்றனர்.

இதன் பின்னால் இருப்பது ஏமாற்றும் எண்ணமன்று. தாம் இல்லாத நாளில் பிள்ளைகள் கடனோடு நிற்கக் கூடாதே என்னும் கவலைதான். அக்கவலையை நாங்கள் மதிக்கிறோம். வேண்டுகோளை மட்டும் ஏற்பதில்லை. நள்ளிரவில் மயக்கமுற்ற நிலையில் நீங்கள் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டால், அங்குள்ள மருத்துவர் நம்பப்போவது அந்தச் சீட்டைத்தான். இது முதற் காரணம். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காமற் போகலாம் என்பது இரண்டாவது காரணம். அதை இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம்.

ஆயுள் காப்பீடு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். உங்கள் உடல்நிலையை அறிந்தவர் நீங்கள். நிறுவனம் அறிந்ததோ, முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் எழுதியதை மட்டுமே. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 2015இல் திருத்தப்பட்ட வடிவில், இதற்கான விதியைத் தெளிவாகக் கூறுகிறது. பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது தெரியவந்தால், நிறுவனம் எழுத்து மூலம் காரணம் கூறி அதை மறுக்கலாம். மோசடி நோக்கமின்றி மறைத்திருந்தால் கட்டிய பிரீமியத் தொகை 90 நாட்களுக்குள் திரும்பக் கிடைக்கும்; காப்பீட்டுத் தொகை கிடைக்காது. மூன்று ஆண்டுகள் கடந்தபின் எக்காரணம் கொண்டும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க இயலாது.

“அப்படியானால் மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டால் போதுமே” என்று சிலர் கணக்கிடுகின்றனர். அந்த மூன்று ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருபவர் யார்? மேலும், பிரீமியம் கட்டத் தவறிக் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், மூன்று ஆண்டுக் கணக்கு புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். தேங்காய் விலை விழுந்த ஆண்டில் கட்டாமல் விட்டு, விலை ஏறியதும் புதுப்பிக்கும் விவசாயக் குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் மருத்துவக் காப்பீட்டு வழக்குகள். இரண்டிலும் சர்க்கரை நோய் இருந்தது. சத்வந்த் கௌர் சந்து வழக்கில், சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்ததைக் கூறாமல் 1990இல் பாலிசி எடுத்தவர், அதே ஆண்டின் இறுதியில் இறந்துபோனார். அவருடைய மனைவி கேட்ட தொகையை மறுத்தது சரியே என்று 2009இல் தீர்ப்பாயிற்று. மன்மோகன் நந்தா வழக்கிலோ, சர்க்கரை நோய் இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துப் பாலிசி பெற்றவர், அமெரிக்காவில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றார். நோயை அறிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம் பின்னர் அதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று 2021இல் நீதிமன்றம் கூறியது. நோய் ஒன்றே, சொன்னவருக்குப் பணம் கிடைத்தது, சொல்லாதவரின் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

நோய் இருந்தாலே காப்பீடு கிடைக்காது என்னும் எண்ணமும் தவறானது. நிறுவனங்கள் நோயின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. அது கட்டுப்பாட்டில் உள்ளதா என்பதையும் பார்க்கின்றன. சர்க்கரை நோயாளியிடம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இ.சி.ஜி., கண் பாதிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். எடை, தொழில், குடும்பத்தில் இதய நோய், புகையிலைப் பழக்கம் ஆகியனவும் கணக்கில் சேரும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் புகையிலைதான். படிவத்தில் அதையும் எழுத வேண்டும்.

விண்ணப்பத்தின் முடிவு பலவாறாக அமையலாம்: வழக்கமான பிரீமியத்திலேயே ஏற்பது, கூடுதல் பிரீமியம் கேட்பது, சில காலம் ஒத்திவைப்பது, மறுப்பது. ஒத்திவைப்பை மறுப்பென்று எண்ணி மனம் தளர வேண்டாம். காசநோய்ச் சிகிச்சையின் நடுவிலோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த சில வாரங்களிலோ விண்ணப்பிப்பவரைக் காத்திருக்கச் சொல்வது இயல்பு. சிகிச்சையை முடித்து, நல்ல பரிசோதனை முடிவுகளோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஒரு நிறுவனம் மறுத்ததை மற்றொன்று ஏற்பதும் உண்டு. ஆனால் முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்வி படிவத்தில் இருந்தால் அதற்கும் உண்மையே பதிலாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், கூடுதல் பிரீமியத்தின் சுமை ஓரளவு குறைந்துள்ளது.

படிவத்தைப் பெரும்பாலும் ஏஜெண்டே நிரப்புகிறார். நாம் கையெழுத்து மட்டும் போடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிறர் நிரப்பிய படிவத்தில், அதன் உள்ளடக்கம் விளக்கப்பட்டுப் புரிந்துகொண்டேன் என்ற உறுதிமொழியும் நம் கையெழுத்தோடு இருக்கும். எனவே “ஏஜெண்ட்தான் ‘இல்லை’ என்று எழுதினார்” என்று பின்னர் சொல்வது எளிதில் எடுபடாது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகலை வாங்கி வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதென்றால், நீங்கள் சிகிச்சையில் இருப்பவரே, “மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதே பதில். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள், விவரங்கள் தவறாக இருப்பின் திருத்தக் கேட்கலாம். விருப்பமில்லையெனில் திருப்பிக் கொடுக்கலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியை அவசரப் பிரிவில் சேர்க்கும்போது, “ரொம்ப வருஷமா சர்க்கரை” என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்வதே மருத்துவக் குறிப்பில் ஏறும். நோய் எந்த ஆண்டில் முதன்முதலாகத் தெரிந்தது என்பதைப் பழைய சீட்டைப் பார்த்துச் சரியாகக் கூறுங்கள். வீட்டில் ஒரு கோப்பில் முதற் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரிகள், பாலிசி நகல், நியமனதாரர் விவரம் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள்.

பெரிய பாலிசி கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குள்ள 18 முதல் 50 வயதுக்குட்பட்டோர் மருத்துவப் பரிசோதனையின்றிச் சேரலாம். ஆண்டுக்கு 436 ரூபாய். 55 வயது வரை 2 லட்ச ரூபாய்க் காப்பீடு. சேர்ந்த முதல் 30 நாட்களில் விபத்தல்லாத மரணத்துக்குத் தொகை கிடைக்காது. ஆண்டுதோறும் மே மாத இறுதியில் கணக்கில் அத்தொகை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இதற்கு மாற்றன்று. அது சிகிச்சைச் செலவை ஏற்கும், இறப்புக்குப் பின் குடும்பத்துக்குத் தொகை தராது.

உண்மையைச் சொல்லியும் தொகை மறுக்கப்பட்டால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். அவர்கள் நிராகரித்தாலோ ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

விண்ணப்பிக்க எண்ணியிருப்பவர்கள், அடுத்த முறை வரும்போது அதைத் தெரிவியுங்கள். நோய் தெரிந்த ஆண்டு, எடுக்கும் மருந்துகள், அண்மைப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை உள்ளபடியே எழுதித் தருவோம். சர்க்கரை கட்டுக்குள் வரவில்லையெனில், மூன்று மாதம் மருந்தையும் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய பின் மறுபரிசோதனை செய்து விண்ணப்பிக்கலாம். அம்மூன்று மாத உழைப்பு பிரீமியத்தைக் குறைக்க உதவலாம். பாலிசியே தேவைப்படாத ஆயுளைத் தருவதற்கும் அதுவே துணை.