இடத்தோடு பிறந்த சிற்பம்

அருங்காட்சியகச் சிற்பமொன்றை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றினாலும் அது அதே சிற்பம்தான். ஒரு வளாகத்தின் பரப்பையும் சரிவையும் அதில் மக்கள் நடக்கும் தடத்தையும் கணக்கிட்டு அங்கேயே எழுப்பப்படும் நிர்மாணக் கலையை, அதாவது சுற்றியுள்ள வெளியையும் தன் உறுப்பாக்கிக்கொள்ளும் கலையை, அவ்வாறு பெயர்த்து வைக்க முடியுமா என்பது தீராத வழக்கு. இடம்சார் கலை எனப்படும் இவ்வகைப் படைப்பு பொதுவெளிக்கு வரும்போது உண்டாகும் பிணக்கு முழுவதையும் ஒருசேரக் காட்டியது, நியூயார்க் ஃபெடரல் பிளாசாவில் 1981இல் நிறுவப்பட்ட ‘டில்டட் ஆர்க்’.

அரசுக் கட்டடங்களின் கட்டுமானச் செலவில் அரை விழுக்காட்டைக் கலைக்கு ஒதுக்கும் திட்டத்தின்கீழ், அமெரிக்கப் பொதுச் சேவை நிர்வாகம் சிற்பி ரிச்சர்ட் செர்ராவிடம் 1979இல் ஒப்படைத்த பணி அது. 120 அடி நீளமும் 12 அடி உயரமும் இரண்டரை அங்குலத் தடிமனும் கொண்டு, சற்றே சாய்ந்து வளைந்த எஃகுச் சுவர். கோர்-டென் என்னும் அந்த எஃகின்மீது படியும் துருவே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் காப்பாகிவிடுவதால் அதற்கு வண்ணம் பூசும் வழக்கமில்லை; அங்கே பணியாற்றிய ஊழியர்கள் பலருக்கோ அது துருப்பிடித்த தடுப்பாகவே தெரிந்தது. நேராகக் கடந்து சென்ற திறந்தவெளியை அவர்கள் சுற்றிக்கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. நடப்பவர் தம் நடையையும் வெளியையும் உணர வேண்டும் என்பதே செர்ராவின் நோக்கமாதலால், ஊழியர்கள் எதைக் குறையென்றார்களோ அதுவே அப்படைப்பின் உயிர்நிலை. இரு தரப்பும் உண்மையையே பேசிய அரிய வழக்கு இது.

1985 மார்ச்சில் நடந்த பொது விசாரணையில் பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றனர், 58 பேர் அகற்றச் சொன்னனர். ஆதரவாளரில் பலர் கலையுலகத்தினர் என்பதால் இவ்வெண்ணிக்கையை அப்படியே மக்கள் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் விசாரணையை நடத்திய ஐவர் குழு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அகற்றப் பரிந்துரைத்ததும், அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய வட்டார நிர்வாகி முன்னரே அகற்றும் பக்கம் நின்றவர் என்பதும் விசாரணையின் நேர்மையை ஐயத்துக்குள்ளாக்கின. வேறிடத்துக்கு மாற்றுவதே அழிப்பதுதான் என்று செர்ரா வாதிட்டார். அரசு விலைகொடுத்து வாங்கி அரசு நிலத்தில் நிறுத்திய சிற்பத்தின் வழியே பேசுவது அரசேயன்றிக் கலைஞர் அல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988இல் கூறிவிட்டது. மறு ஆண்டு மார்ச்சில், ஓர் இரவில், சுவர் மூன்று துண்டுகளாகக் கழற்றப்பட்டது.

விற்ற பின்னும் தம் படைப்பு சிதைக்கப்படாமல் காக்கும் உரிமையைக் காட்சிக் கலைஞர்களுக்கு அளிக்கும் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. தார்மீக உரிமை எனப்படும் இது, சொத்துரிமையிலிருந்து வேறானது. ஆனால் பாஸ்டனில், ஒரு நிலவணிக நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த ஈஸ்ட்போர்ட் பூங்காவைத் திருத்தியமைக்க முற்பட்டபோது, அப்பூங்காவுக்கென்றே சிற்பங்கள் செய்த டேவிட் பிலிப்ஸ் இச்சட்டத்தின் துணையை நாட, இடம்சார் கலைக்கு இது பொருந்தவே பொருந்தாது என 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்பு மிகுதியும் வேண்டியிருந்த கலையே காப்புக்கு வெளியே நின்றது.

தில்லியில் வழக்கு வேறு திசையில் சென்றது. விஞ்ஞான் பவன் சுவருக்காக அமர்நாத் சேகல் வடித்த, 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. தார்மீக உரிமையைக் காக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைக் கொண்டு தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் சேகலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு எஞ்சிய பாகங்களையும் அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது. இந்தியக் கலைஞர்கள் இன்றும் துணைக்கழைக்கும் தீர்ப்பு அது. அதிலும் கைக்குத் திரும்பியவை வெண்கலத் துண்டுகளே, சுவர் திரும்பவில்லை.