‘ஏன் லேட்?’னு கேட்கும் முன் திரையை இரண்டாகப் பிரியுங்கள்!

திங்கட்கிழமை காலை 10 மணி. வாராந்திர ரிவ்யூ கால். மேனேஜர் தன் திரையைப் பகிர்கிறார். 60 வரிகளில் டாஸ்க் பட்டியல். 23-வது வரி மட்டும் சிவப்பு. “இது ஏன் லேட்?” என்று கேள்வி வருகிறது. பெரம்பலூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிளானிங் இன்ஜினீயர், காரணம் காட்ட அந்த டாஸ்க்கைத் திறக்கச் சொல்கிறார். திறந்ததும் பட்டியல் மறைந்துவிடுகிறது. மூடினால் பட்டியல் முதல் வரிக்குப் போய்விடுகிறது. “சரி விடுங்க, அடுத்தது பார்ப்போம்.” காரணம் பேசப்படவே இல்லை. சிவப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆபீஸ் வேலையில் இருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சிதான். இதற்கான தீர்வு, தினமும் பயன்படுத்தும் சாஃப்ட்வேருக்குள்ளேயே பல வருஷமாக இருக்கிறது. அதன் பெயர் ஸ்ப்ளிட் வியூ.

ஸ்ப்ளிட் வியூ என்றால் என்ன?

ஒரே திரையில் ஒரு பக்கம் முழுப் பட்டியல், இன்னொரு பக்கம் நாம் தேர்ந்தெடுத்த ஒரு டாஸ்க்கின் முழு விவரம். அவ்வளவுதான். அவுட்லுக்கில் இடது பக்கம் மெயில் பட்டியலும் வலது பக்கம் மெயிலும் தெரிகிறதே, அதே கதைதான்.

மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் ‘வியூ’ டேப்புக்குப் போய் ‘டீடெய்ல்ஸ்’ பெட்டியை டிக் செய்தால் போதும். மேலே கான்ட் சார்ட் இருக்கும். கீழே அந்த டாஸ்க்கை யார் செய்கிறார்கள், அதற்கு முன் எந்த வேலை முடிய வேண்டும் என்ற விவரம் வரும். மேலே வரியை மாற்றினால் கீழே விவரமும் மாறும். பெரிய கட்டுமான வேலைகளில் பயன்படும் ப்ரைமவேராவிலும் இதே மேல்-கீழ் அமைப்பு உண்டு. ஐடி கம்பெனிகளுக்குப் பழக்கமான ஜிராவில் பட்டியலும் விவரமும் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

அரியலூரில் இது ஏன் முக்கியம்?

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979 முதல் இங்கே இயங்குகிறது. தனியார் சிமெண்ட் ஆலைகளும் மாவட்டம் முழுக்க இருக்கின்றன. இந்த ஆலைகளின் இதயம், சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் கல்லை கிளிங்கராக மாற்றும் சுழலும் சூளை. உள்ளே இருக்கும் வெப்பம் தாங்கும் செங்கல் தேய்ந்துவிட்டால் சூளையை நிறுத்தித்தான் மாற்ற முடியும். நிற்கும் ஒவ்வொரு நாளும் கிளிங்கர் இல்லை.

இந்த ஷட்டவுன் வேலை ஒரு சங்கிலி. சூளை ஆற வேண்டும், பழைய செங்கலை உடைத்து எடுக்க வேண்டும், இரும்பு உருளையைச் சோதிக்க வேண்டும், புதுச் செங்கல் அடுக்க வேண்டும், பிறகு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது.

இப்போது ‘செங்கல் அடுக்குதல்’ வரி சிவப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலை மட்டும் பார்க்கிறவருக்கு, செங்கல் அடுக்கும் டீம்தான் குற்றவாளி. ஸ்ப்ளிட் வியூவில் கீழே பார்த்தால், முந்தைய வேலையான உருளைச் சோதனையே முடியவில்லை என்று தெரியும். கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கிராஃப்’ வைத்தால், ஒரே கிரேனை ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு எழுதி வைத்திருப்பதும் சிவப்பில் தெரியும். திட்டம் போட்டவரின் தவறு அது. பழி மட்டும் தளத்தில் நிற்கிறவர் மேல்.

இந்தப் பழி அந்த காலோடு முடிவதில்லை. அப்ரைசலில் வரும், கான்ட்ராக்டரின் பில்லில் பிடித்தமாக வரும். அதனால் இதை வெறும் திரை வசதி என்று ஒதுக்க முடியாது.

பட்டியல் போதாதா?

‘மேலே இருக்கிறவங்களுக்கு ஸ்டேட்டஸ் போதும், விவரம் எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 10 டாஸ்க் உள்ள சின்ன வேலைக்கு அது சரிதான். 14 இன்ச் லேப்டாப்பில் திரையைப் பிரித்தால் எழுத்து நெருக்கியடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் வேலைகளில், காரணம் தெரியாத ஸ்டேட்டஸ் பாதி உண்மைதான்.

தூரத்தில் இருந்து பார்த்தால் விவரம் தெரியாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதுசில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்க்கப்பட்டு, 2007-ல் மீண்டும் தனி மாவட்டமானது. ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள் கலெக்டரிடம் மனு கொடுக்க அரியலூரைத் தாண்டி பெரம்பலூர் வரை போன காலம் ஒன்று இருந்தது.

போனில் பார்க்கிறவர் என்ன செய்வார்?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஹெல்மெட்டோடு தளத்தில் நிற்கும் இன்ஜினீயரிடம் இருப்பது கையடக்கப் போன். அதில் வருவது ‘ஓவர்டியூ’ என்ற ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன். மேனேஜருக்குப் பட்டியல் தெரியும், காரணம் தெரியாது. இவருக்குக் காரணம் தெரியும், பட்டியல் தெரியாது. ஆளுக்குப் பாதித் திரை.

இதைச் சரிசெய்யப் புது சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, ரிவ்யூ காலில் திரையைப் பகிரும்போதே ஸ்ப்ளிட் வியூவில் பகிர வேண்டும். சிவப்பு வரியைப் படிக்கும் முன் கீழ்ப்பாதியைப் படிக்க வேண்டும்.

இரண்டு, தாமதத்தின் காரணத்தை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு நிறுத்தாமல், டாஸ்க்கின் குறிப்பிலேயே எழுத வேண்டும். கீழ்ப்பாதி காலியாக இருந்தால் பிரித்தும் பயனில்லை.

மூன்று, தளத்தில் இருப்பவருக்குக் காலையிலேயே அவருடைய டாஸ்க், அதற்கு முந்தையது, அடுத்தது என மூன்று வரியை அனுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் 2016-ல் வந்த 7-வது பதிப்பு முதலே திரையைப் பிரிக்கலாம். மேலே திட்டம், கீழே சாட் வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் அந்த வசதி இல்லை என்பதால் அனுப்பும் படமே தெளிவாக இருக்கட்டும்.

அடுத்த திங்கட்கிழமையும் ஏதோ ஒரு வரி சிவப்பாகத்தான் இருக்கும். “ஏன் லேட்?” என்ற கேள்வியும் வரும். அப்போது பதில் சொல்ல வேண்டியவரின் பக்கமும் அதே திரையில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்கு ஆவது ஒரே ஒரு டிக்.