பல் போனால் சொல் போகலாமா?



‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் வாக்கு. நாவின் நுனி மேற்பல்லைத் தீண்டினாலன்றி ‘த’, ‘ந’ என்னும் எழுத்துகள் செம்மையாய்ப் பிறப்பதில்லை. சிலுவை அடையாளம் வரைகையில் நாம் முதலில் உரைக்கும் ‘தந்தை’ என்ற சொல்லிலேயே இவ்விரண்டும் உள்ளன. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தைச் சேர்ந்திருந்து, பின் தமிழகத்தோடு இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. எம்மொழியினர்க்கும் இத்துன்பம் ஒன்றே.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் பற்களை எடுத்தபின் செபமாலையை முன்னின்று சொல்வதை நிறுத்திவிட்டார். திருமண விருந்துகளுக்கும் செல்வதில்லை. “வயதாகிவிட்டதல்லவா?” என்றனர் பிள்ளைகள். உண்மை அதுவன்று. வலி தீர்ந்தபின் என்ன செய்வது என்பதை அவ்வில்லத்தில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே, பல் பிடுங்க நாள் குறிக்கும்போதே பல்செட்டைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். எந்தப் பற்களைக் காப்பாற்றலாம் என்பது முதற்கேள்வி. உறுதியான பல் இரண்டு எஞ்சினும் பல்செட்டுக்குப் பிடிமானம் ஆகும். நீரிழிவு நோயையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காமல் கூறுங்கள். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். அடியிலுள்ள எலும்போ பல மாதங்கள் சுருங்கிக்கொண்டிருக்கும். எனவே முழுப் பல்செட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் காத்திருக்கச் சொல்வர். முன்னதாகவே அச்செடுத்து, பல் பிடுங்கிய அன்றே பொருத்தும் முறையும் உண்டு. ஈறு சுருங்கச் சுருங்க அது தளரும், பின்னர் சரிசெய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதோ தீது. எலும்பு தேய்ந்துபோனால் கீழ்ப் பல்செட்டு நிலைகொள்ளாது.

அச்செடுக்கவும், அளவு பார்க்கவும், பொருத்தவும் நான்கைந்து முறை செல்ல நேரிடும். அதற்கான நாளையும் பொருளையும் முன்னரே ஒதுக்குங்கள். திருத்தணியிலிருந்து மின்ரயிலில் சென்ட்ரல் சென்றால், 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. பெரியவரைத் தனியே அனுப்பாமல் பிள்ளைகளில் ஒருவர் உடன் செல்வது நலம்.

முதல் வாரங்களில் மென்மையான உணவை இருபுறமும் மெல்லட்டும். இரவில் பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் இடுக. வெந்நீர் அதன் வடிவைக் கெடுக்கும். புண் உண்டாயின் வீட்டிலேயே அராவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாள்தோறும் விவிலியத்தை உரக்க வாசித்தால் நா விரைவில் பழகிவிடும்.

249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பகைவர் புனித அப்போலோனியாளின் பற்களை உடைத்தெறிந்து, இறைவனைப் பழித்துரைக்குமாறு வற்புறுத்தினர், அவர் இணங்கவில்லை. அவருக்குப் பல் போயிற்று, சொல் போகவில்லை. பல்நோயாளரின் பாதுகாவலியான அவரது திருநாள் பிப்ரவரி 9. அந்நாளுக்குள் உங்கள் இல்லத்துப் பெரியவரிடம், “உண்ண முடிகிறதா? பேச முடிகிறதா?” என்று அன்போடு ஒருமுறை கேளுங்கள். மாலைச் செபத்தில் அவர் குரல் மீண்டும் முதலில் ஒலிக்கட்டும்.