தாலாட்டில் வருகிற மாமன்கள்

சில மாதங்களுக்கு முன் திருவரங்கத்தில் ஒரு சிறிய இலக்கியச் சந்திப்பு. பெரியாழ்வாரில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ சுற்றி, நண்பர் ஒருவரின் மகள் தன் ஏழு மாதக் குழந்தையை இரவில் தூங்கப் பழக்குவதற்கு ஓர் ஆலோசகரை நாடியிருக்கிற செய்தியில் வந்து நின்றது. "தூளியும் தாலாட்டும் உள்ள நாட்டில் உறக்கத்துக்குப் பயிற்சி வகுப்பா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தாலாட்டு என்றதும் தமிழ் படித்த நமக்குப் பெருமிதம் பொங்கிவிடுகிறது. ஆனால் நாம் பாடமாக நடத்தும் தாலாட்டுகளை இயற்றியவர்கள் யார்? யசோதையாகித் தம்மை எண்ணிக்கொண்டு கண்ணனுக்குப் பத்துப் பாசுரங்கள் பாடிய பெரியாழ்வார். கோசலையாகி இராமனைத் தாலாட்டிய குலசேகரர். மீனாட்சியம்மைக்குத் தாலப் பருவம் பாடிய குமரகுருபரர். எல்லோரும் ஆண்கள். அதில் பிழையொன்றும் இல்லை. தாயின் குரலைக் கடன் வாங்கியவர்கள் அவர்கள். நாமோ அந்தக் குரலின் இனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, குரலுக்குரியவள் தூங்கினாளா என்று கேட்காமலே பழகிவிட்டோம்.

பெண்களே கட்டிய நாட்டுப்புறத் தாலாட்டு இன்னும் நேர்மையானது. அதில் மாமன் சீர் கொண்டு வருகிறான். அத்தையும் பாட்டியும் குழந்தையை அடித்தார்களா என்று விசாரிக்கப்படுகிறார்கள். ஊரே தொட்டிலைச் சுற்றி நிற்கிறது. வகுப்பில் இதை 'உறவுமுறையின் ஆவணம்' என்று பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்த ஆண்டிலும் விளக்கினேன். அவ்விரவுகளில் மூன்றாம் முறை, நான்காம் முறை எழுந்தவர் என் மனைவி. அடுத்த அறையில் நன்றாக உறங்கி எழுந்துபோய் நான் தாலாட்டு நடத்தினேன். பாட்டில் வருகிற மாமன்கள் எவரும் இரவு இரண்டு மணிக்கு வருவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நம் நண்பர்களின் கேலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பயிற்சி என்றாலே கதவைச் சாத்திவிட்டுக் குழந்தையை அழவிடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியொரு மரபு மேற்கில் இருந்தது உண்மை. 1894இல் அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்புக் கையேடும், 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் எழுதிய நூலும் கொஞ்சுவதையே ஐயத்தோடு பார்த்தவை. 1985இல் வந்த ரிச்சர்ட் ஃபெர்பரின் நூல் சற்று இறங்கி வந்து, சிறு இடைவெளிகளில் போய்த் தேற்றச் சொன்னது; இடைவெளியைப் படிப்படியாக நீட்டச் சொன்னது.

ஆனால் மென்மையான வழி வேறு. குழந்தைக்கு இயல்பாகக் கண்சொருகும் நேரத்தைக் கவனித்து அப்போதே படுக்கவைப்பது, பிறகு அந்நேரத்தைச் சிறுகச் சிறுக முன்னே கொண்டுவருவது ஒரு முறை. தினமும் அதே வரிசையில் குளியல், பால், மங்கிய விளக்கு, அதே பாட்டு. கண் முழுதும் மூடுமுன் படுக்கையில் கிடத்தி, தட்டிக்கொடுத்து, நாளடைவில் கையை விலக்கிக்கொள்வது இன்னொன்று. இதில் அந்நியமானது எது? அதே நேரம், அதே மெட்டு, அதே கை என்பதுதானே தாலாட்டின் இலக்கணம்?

2016இல் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 6 முதல் 16 மாதம் வரையுள்ள 43 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இடைவெளி நீட்டும் முறையிலும் நேரத்தை மாற்றும் முறையிலும் குழந்தைகள் விரைவில் உறங்கினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது தாய்ப்பிணைப்பில் வேறுபாடு தென்படவில்லை. ஆய்வு சிறியது. ஆயினும், ஓரிரவு அழவிட்டதற்காக ஒரு பெண்ணைக் கொடியவள் என்று தீர்ப்பெழுத நமக்கு உரிமை இல்லை என்பதற்கு இது போதும். நான் மென்மையான வழியைச் சொல்வது மற்றது நஞ்சு என்பதால் அன்று. ஒரே அறையில், ஒரே பாயில், கூட்டுக்குடும்பத்துக்குள் குழந்தை உறங்கும் நம் வீடுகளுக்கு இதுவே பொருந்தும் என்பதால்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் சில மாதங்களில் குழந்தை பசித்தே எழுகிறது; அப்போது பயிற்சிக்கு இடமில்லை, பாலுக்கே இடம். அடுத்தது, தூளியைப் பற்றிய நம் பெருமையிலும் சற்று நிதானம் வேண்டும். இரவு முழுதும் உறங்க, சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துவதே மருத்துவர்களின் அறிவுரை. வளைந்த துணியில் மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படலாம்.

எந்த முறையானாலும் இரண்டு வாரம் தளராமல் செய்ய ஆள் வேண்டும். ஏற்கெனவே ஏழு மாதம் தூங்காத ஒருத்தியால் தனியாக அது முடியாது. தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கியது, நல்லது. 2017இல் மத்திய அரசு மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கியபோது தந்தைக்கென ஒரு நாளும் எழுதவில்லை. இரவு அவளுடையது என்று சட்டமும் நம்மைப் போலவே நினைத்திருக்கிறது.

திருவரங்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டினால் மலைக்கோட்டை. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாதபோது, பிள்ளை பெறவிருந்த இரத்தினாவதிக்குத் தாயின் உருவில் சிவன் வந்து பேறு பார்த்தார் என்பது அத்தலத்துக் கதை. தாயுமானவர் என்ற பெயர் அதனால் வந்தது. அவர் அவளுக்கு மரபின் பெருமையை எடுத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து வேலை செய்தார்.

நண்பரின் மகள் ஆலோசகரைத் தேடிப் போனது தாலாட்டை மறந்ததால் அன்று. அவளுக்குத் துணைக்கு ஆளில்லை. காசு கொடுத்துத் துணை தேடினாள். கூட்டத்தில் சிரித்த அன்பர்களுக்கும் எனக்கும் இதில் செய்ய ஒன்றுண்டு. வீட்டில் மகளுக்கோ மருமகளுக்கோ கைக்குழந்தை இருந்தால், இன்றிரவு இரண்டாம் முறை அது அழும்போது நாம் எழுவோம். பெரியாழ்வார் பாசுரம் நமக்கு மனப்பாடம்தானே, அதையே பாடலாம்.