கிட்டே காட்டுவது வேறு, தெளிவாகக் காட்டுவது வேறு



பள்ளி ஆண்டு விழா என்றாலே ஒரு காட்சி உண்டு. மேடையில் பிள்ளைகள் ஆட, கீழே அம்மா அப்பாக்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி இருப்பார்கள். கடைசி வரிசையில் இடம் கிடைத்தவர் என்ன செய்வார்? இரண்டு விரலால் திரையை விரித்து, தன் பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்குவார். வீட்டுக்கு வந்து டி.வி.யில் போட்டுப் பார்த்தால் கண்ணும் மூக்கும் கரைந்துபோயிருக்கும்.

இவ்வளவு பணம் போட்டு வாங்கிய போன் ஏன் இப்படிச் செய்கிறது? போனில் கோளாறு எதுவும் இல்லை. ஜூம் ஒரு வேலை, ஃபோகஸ் இன்னொரு வேலை. அந்த ஜூமிலும் இரண்டு வகை இருக்கிறது. விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. வாங்கும் நாமும் கேட்பதில்லை.

வீட்டில் தாத்தா பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி இருந்தால் இன்றே பிள்ளைகளுடன் சேர்ந்து ஒன்று செய்து பாருங்கள். பகல் வேளையில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே அதைப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஜன்னல் கம்பிகள் தலைகீழாகச் சுவரில் தெளிவாக விழும். வெளியே இருக்கும் மரம் மட்டும் கலங்கலாகத் தெரியும். கண்ணாடியை இம்மியளவு சுவர்ப் பக்கம் நகர்த்தினால் மரம் தெளியும், கம்பிகள் கலங்கும். இதுதான் ஃபோகஸ். எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருள் தெளிய வேண்டும் என்பதற்கு ஏற்ப லென்ஸ் நகர்கிறது, அவ்வளவே. கேமராவில் சுவர் இருக்கும் இடத்தில் சென்சார் இருக்கிறது.

ஜூமின் முதல் வகை ஆப்டிகல் ஜூம். அது லென்ஸின் குவியத் தூரத்தையே மாற்றுவது. 50 மி.மீ.யில் இருந்து 100 மி.மீ.க்குப் போனால் முகம் இரு மடங்கு பெரிதாகும். முன்பு தெரிந்த காட்சியில் கால்வாசிதான் படத்துக்குள் வரும். இதற்காக ஜூம் லென்ஸின் குழாய்க்குள் பல கண்ணாடிகள் குழுக்களாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று நெருங்கியும் விலகியும் நகர்கின்றன. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு முதன்முதலில் இப்படி ஒரு லென்ஸ் வந்தது 1959-ல், ஃபோக்ட்லெண்டர் நிறுவனத்திடமிருந்து. 36 முதல் 82 மி.மீ. வரை போகும் ‘ஜூமார்’ அது.

ஒல்லியான செல்போனுக்குள் இத்தனை கண்ணாடிகள் ஓடியாட இடம் ஏது? அதனால்தான் போனின் பின்னால் இரண்டு, மூன்று தனித்தனி லென்ஸ்கள். சில போன்களில் ஒரு பட்டகம் வைத்து ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, தொலைவு லென்ஸைப் படுக்கவைத்திருப்பார்கள். உங்கள் போனில் 1 எக்ஸ், 3 எக்ஸ் என்று இரண்டு லென்ஸ் இருந்தால், இடைப்பட்ட 2 எக்ஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முதல் லென்ஸின் படத்தை நடுவில் வெட்டி, இழுத்துப் பெரிதாக்குவதுதான். இரண்டாவது வகையான டிஜிட்டல் ஜூம் என்று சொல்வது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் என்றால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இப்படி வெட்டி 2 எக்ஸ் போனால் மிஞ்சுவது 30 லட்சம். 4 எக்ஸில் ஏழரை லட்சம். 10 எக்ஸில் வெறும் 1 லட்சத்து 20 ஆயிரம். ஃபுல் எச்.டி. டி.வி. திரைக்கே 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வேண்டும். மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பிள்ளையின் முகத்தை ஊகத்தால் நிரப்பினால் எப்படி இருக்கும்? 50 மெகாபிக்சல் போன்களில் 2 எக்ஸ் வரை இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. அதற்கு மேல் தெரியும்.

2020-ல் சாம்சங் எஸ்20 அல்ட்ரா போனின் முதுகிலேயே 100 எக்ஸ் என்று அச்சிட்டு வந்தது. அந்த நூறிலும் டிஜிட்டல் ஜூம் சேர்த்தி. ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ஆப்டிகல் ஜூம் எவ்வளவு?” பெரிய எண்ணுக்காகக் கூடுதலாக ஐயாயிரம், பத்தாயிரம் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் பிள்ளையின் ஃபீஸுக்கு ஆகும்.

இனி ஃபோகஸுக்கு வருவோம். கல்யாண வீட்டில் அனுபவமுள்ள வீடியோகிராஃபரைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் மணப்பெண்ணின் கண் வரை முழுதாக ஜூம் செய்து ஃபோகஸ் வைப்பார். பிறகு ஜூமைப் பின்னுக்கு இழுப்பார். அகலமான காட்சியில் சிறிய ஃபோகஸ் பிழை கண்ணுக்குத் தெரியாது. கிட்டே போனால் அது அம்பலமாகிவிடும். தொழில்முறை வீடியோ லென்ஸ்கள் ஜூம் மாறினாலும் ஃபோகஸ் மாறாதபடி செய்யப்பட்டவை. ஸ்டில் கேமரா லென்ஸ்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. ஜூம் செய்யும்போதெல்லாம் ஃபோகஸையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். வெறும் பழக்கமாகத் தெரிகிற அந்த வீடியோகிராஃபரின் கைவேலை மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

நம் போனில் ஃபோகஸைப் பார்த்துக்கொள்வது ஒரு குட்டி மோட்டார். மேடை விளக்கு மாறும்போதும், யாராவது குறுக்கே போகும்போதும் அது தடுமாறும். பிள்ளை ஒரே இடத்தில் நின்று பாடுகிறதென்றால், திரையில் முகத்தின் மேல் விரலை ஓரிரு நொடி அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் ஃபோகஸ் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடியாடும் நடனத்துக்கு மட்டும் பூட்டாதீர்கள்.

பாட்டியைப் படம் எடுக்கும்போது முகத்தருகே போனை நீட்ட வேண்டாம். மூக்கு பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 எக்ஸில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

டாக்டருக்கு அனுப்பும் மருந்துச் சீட்டும் இப்படித்தான். எழுத்து தெரியட்டும் என்று ரொம்பக் கிட்டே போகிறோம். ஒவ்வொரு லென்ஸுக்கும் அதற்குக் கீழே ஃபோகஸ் ஆகாத ஒரு தூரம் உண்டு. சில புதிய போன்களில் அது 20 சென்டிமீட்டர். எனவே ஒரு முழம் விலகி, 2 எக்ஸ் வைத்து, மருந்தின் பெயர் மேல் தொட்டுவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால், எடுத்த தெளிவு குறையாமல் டாக்டருக்குப் போய்ச் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்