பூனைக்கும் உண்டு பத்தியம்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தெருப் பூனைக்கு அடைக்கலம் தந்த நம்மவர் இல்லங்கள் பல. பசித்து வந்த உயிருக்கு வயிறார இடுவது நம் மரபே. ஆனால் காலையில் பாட்டி பாற்சோறும், மாலையில் பிள்ளைகள் பிஸ்கோத்தும், இரவில் அண்டை வீட்டார் மீனும் இட்டால், அப்பூனை விரைவில் பருத்துத் தாவமாட்டாமல் கிடக்கும். நீரிழிவும் மூட்டுநோயும் பின்தொடரும்.

இதனைக் கண்டு அஞ்சிச் சிலர் பட்டினி போடுகின்றனர். அதுவே பேராபத்து. நாம் ஏகாதசி விரதம் இருக்கலாம், பூனை இருத்தலாகாது. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருப்பின், கொழுப்பு ஈரலில் படிந்து உயிரையே பறிக்கக்கூடும்.

வாரத்திற்கு நூற்றில் ஒரு பங்கு எடை குறைந்தால் போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம். மாதத்திற்குச் சுமார் கால் கிலோ. கூடையிலிட்டு மாதந்தோறும் நிறுத்துக் குறித்து வருக. ரயில்வேயில் பார்சல் நிறுக்கும் நாம் ஒன்று சொல்வோம்: கூடையின் எடையைக் கழிக்க மறவாதீர்!

உணவின் வகையையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிக. மாதுங்காவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனான பரேலில், 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தீன்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனையும் உள்ளன.

ஒரு நாளைய உணவைக் காலையிலேயே அளந்து ஒரே பாத்திரத்தில் வைத்திடுக. யார் இட்டாலும் அதிலிருந்தே இடுக. அது தீர்ந்தால் அன்றைய படி தீர்ந்தது. அண்டை வீட்டாருக்கும் இதனைச் சொல்லி வைத்தல் நலம். காகிதப் பந்தை உருட்டி நாள்தோறும் ஓட விடுக.

போதும் என்று சொல்ல அந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரியாது. அதனை நாமே சொல்ல வேண்டும்.